பதினொரு மணித் தூக்கம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் திறக்கத் தெரியும், சாத்தத் தெரியாது. குழாயைத் திறந்தது திறந்தபடி போவார்கள், கேட்டை ஆவென்று விட்டுவிட்டுப் போவார்கள். காலமெல்லாம் கிடங்குக் காவலாளியாக இருந்த பெரியவருக்கு அதைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும்.

குழந்தைகள் காப்பகத்தின் வாசல் கதவையும் அவர்தான் அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தார். காலையில் கொண்டுவந்து விட்ட பேத்தி, பதினொரு மணிக்கே பாயில் துவண்டு கிடந்தாள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான்.

"பால்ல என்னத்தம்மா கலக்குறீங்க?"

பொறுப்பாளர் அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். அங்கே போய் வாயை விடாதே, வேறு காப்பகம் கிடையாது, என் வேலைக்கே உலை வைத்துவிடாதே என்று மகள் கெஞ்சித்தான் அனுப்பியிருந்தாள். பெரியவர் கேட்டால்தானே. வீட்டில் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, இவர் கொண்டுவந்து விட ஆரம்பித்த இந்த ஒரு வாரமாகத் தலைவலி என்று அழுகிறது. தூக்க மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டுவிட்டுக் கூலி வாங்குகிறீர்களா என்று கத்தினார்.

அவள் பால் பாத்திரத்தையே எடுத்து நீட்டினாள், நீங்களே குடித்துப் பாருங்கள் என்று. பிறகு சுவரில் சிவப்பாக மின்னிய சின்னப் பெட்டியைக் காட்டினாள். அறைக்குள் காற்று கெட்டுப்போனால் அது சிவக்குமாம்.

"கரண்டுக்கு மீட்டர் பாத்திருக்கேன், டாக்ஸிக்குப் பாத்திருக்கேன். மூச்சுக்குமா மீட்டரு? யார் காதுல பூ சுத்துற?"

அவள் பின்சுவர்த் திரையை விலக்கினாள். ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடிக் கிடந்தன. "இந்த வாரம் பூரா இதே கதைதான் ஐயா. காலையில நான் திறந்துட்டுத்தான் திரையை இழுத்துவிடுறேன். காத்து அடிச்சுச் சாத்திடுது. கொக்கி போட ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

படபடவென்று எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். பெரியவருக்கு அதில் ஒரு சொல்லும் நம்பும்படியாக இல்லை. மகள் வேலை போனாலும் போகட்டும் என்று பேத்தியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

தினமும் பேத்தியோடு வந்து போகிற பின்சந்து வழியாகத்தான் நடந்தார். ஜன்னல் கதவுகள் சந்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் பார், பொறுப்பில்லாதவள் என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினார்.

தோளில் கிடந்த பேத்தி கண்ணைத் திறந்தாள்.

"காலையில சாத்துன மாதிரி இப்பவும் சாத்தாத தாத்தா, உள்ள பாப்பாங்களுக்குத் தலை வலிக்கும்."