இடது பக்க மூக்குத்தி

“பாரதி, ஓடியா! டிரைவர் அண்ணாவோட பொட்டி தொறந்து கெடக்கு!”

சானியா கூப்பிட்ட வேகத்தில் பாரதி கம்பெனி பஸ்ஸுக்குள் தாவி ஏறினாள். ஆயுத பூஜைக்காக வண்டியைக் கழுவிவிட்டு, மாலை வாங்கப் போயிருந்தான் ஜெயப்பிரகாஷ். சீட்டின் மேல் அவனுடைய தகரப் பெட்டி.

மாதனூரிலிருந்து பெண்களை ஏற்றி வந்து ஆம்பூர் ஷூ கம்பெனியில் இறக்கிவிட்டால், சாயந்திரம் வரை அவனுக்கு வேலை கிடையாது. வண்டியிலேயே உட்கார்ந்து, கழித்துப் போட்ட தோல் துண்டுகளில் கட்டைவிரல் அகலத்துக்குப் படம் வரைவான். யாருக்கும் காட்ட மாட்டான். கேட்டால், “இன்னும் கை சரியா வரலம்மா” என்பான்.

வண்டியில் வரும் அத்தனை பெண்களுக்கும் அவன் அண்ணா. மூணாவது சீட்டில் வரும் பாரதி மட்டும் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று சானியாவுக்குத் தெரியும். அந்த மரமண்டைக்குத்தான் தெரியாது!

பெட்டிக்குள் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் வருஷம் எழுதியிருந்தது. பன்னிரண்டிலும் ஒரே பெண். துப்பட்டாவை மோவாய் வரை சுற்றிக்கொண்டு, தலை சாய்த்துத் தூங்குகிறாள்.

“மொத படத்துல மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு. இந்த வருஷத்துதப் பாரேன், இமைமுடிய எண்ணிடலாம்!” என்றாள் சானியா.

பாரதி வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஐந்தாவதில்தான் உதடு உதடாகியிருந்தது. எட்டாவதில் கன்னத்துக்கு உயிர் வந்திருந்தது. கடைசிப் படத்தில் காதோரம் ஒரே ஒரு நரைமுடி. அதைக்கூட விடாமல் ஆசையாக வரைந்திருந்தான். யாரோ ஒருத்தியை வருஷக்கணக்கில் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

“யாருடி இவ?”

“எங்கியோ பாத்த மாதிரிதான் இருக்கு. தூங்குற மூஞ்சிய வச்சு இன்னா சொல்றது? ஆனா மூக்குத்தியப் பாரு, இடது பக்கம். நம்ம ஊர்ல வலது பக்கம்தானே குத்துவாங்க? வடநாட்டுக்காரி யாரோ!”

பாரதி தன் வலது மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாளைக்குக் குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். முப்பத்துநாலு வயசில் இதையும் தட்டிக் கழிக்காதே என்று அம்மா அழுகிறாள். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று இன்றைக்காவது கேட்டுவிடத்தான் நினைத்திருந்தாள். இனிக் கேட்க என்ன இருக்கிறது?

மாலையோடு ஏறிய ஜெயப்பிரகாஷ், பரப்பி வைத்த படங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். சானியா நைசாக நழுவினாள்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க.” பாரதி அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். “குடுத்து வச்சவ. எந்த ஊரு? பீகாரா, ஒரிசாவா?”

“பீகாரா? இன்னாங்க சொல்றீங்க?”

“மறைக்காதீங்க. அதான் மூக்குத்தி இடது பக்கம் இருக்கே. நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. நான் சரின்னு சொல்லிடப் போறேன். நீங்களும் அவளக் காக்க வைக்காதீங்க.”

“ஐயோ, சொல்லிடாதீங்க!” அவன் பதறினான். “மூணாவது சீட்டுல தூங்கிட்டு வர்றவங்கள டிரைவர் எப்படிங்க திரும்பித் திரும்பிப் பாக்க முடியும்? ஸ்டாப்புல நிக்கறப்பல்லாம் கண்ணாடியிலதான் பாத்தேன்... கண்ணாடியில வலது பக்கம் இடது பக்கமாத்தானே தெரியும்!”