இரண்டு புள்ளி வித்தியாசம்

“பெத்த அப்பாவை ஒரு ஆட்டம் ஜெயிக்க விட்டா என்ன, கிரீடமா இறங்கிடும்?” என்றாள் மருமகள்.

நான் மடியில் இருந்த நோட்டில் பதினாறுக்குப் பதினாறு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

விடுதியின் பின்கூடத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. ஒரு பக்கம் என் கணவர், எதிர்ப்பக்கம் எங்கள் மகன். ஓரத்து பெஞ்சில் நானும் மருமகளும். காலடியில் ஐந்து பெட்டிகள். அறைச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. மகனையும் மருமகளையும் விமான நிலையத்துக்கு அழைத்துப் போகும் வண்டி வாசலில் நின்றது. டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

“ஒரே ஒரு கேம்டா” என்று கேட்டது இவர்தான். மகனும் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துவிட்டு எழுந்தான். மூன்று நாள் விடுமுறையில் அவன் அதை மூடி நான் பார்த்தது நாலாவது தடவை.

முன்பெல்லாம் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போவோம். அது ஏழாகி, ஐந்தாகி, இப்போது மூன்று. அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

“ஆட்டத்தையே இருபத்தொண்ணுல இருந்து பதினொண்ணாக் குறைச்சுட்டாங்க. லீவைக் குறைக்க மாட்டாங்களா?” என்று இவர் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். கூடச் சிரிக்க ஆளில்லை.

பதினோரு புள்ளி எடுத்தால் ஜெயம். ஆனால் பத்துக்குப் பத்து வந்துவிட்டால், யாராவது ஒருவர் இரண்டு புள்ளி முந்துகிறவரை ஆட்டம் முடியாது. அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றது.

“என்னடா, பந்தை விட்டுட்டு வலையை அடிக்கிற? ஆபீஸ்லயும் இப்படித்தானா?”

“உங்க சர்வீஸ் மட்டும் என்னவாம்ப்பா? வலைக்கு மேல போனாத்தான் சர்வீஸ்.”

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

“ரெண்டு பேருக்குமே விட்டுக்கொடுக்கத் தெரியாது அத்தை.” மருமகள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். “ஃப்ளைட் போயிடும். நீங்களாவது ஒரு பாயின்ட்டைக் கூட்டிப் போட்டு முடிச்சு விடுங்களேன்.”

“அது மட்டும் என்னால முடியாதும்மா.”

அவளுக்கும் தெரியும். மகனுக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் குடியிருப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்துக்குப் புள்ளி எழுத என்னை உட்கார வைத்தார்கள். பந்து மேசை விளிம்பில் பட்டது என்றான் அவன். படவில்லை, நான் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக்கே எழுதினேன். கோப்பை போயிற்று. இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

“பெத்த பிள்ளைக்காகக்கூட எங்கம்மா ஒரு நம்பரை மாத்த மாட்டாங்க” என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.

ஹாரன் மறுபடி கேட்டது. எழுதிவிட்டு நோட்டை ஒரு தடவை மேலிருந்து பார்த்தேன். வலையில் விழுகிற பந்துக்கு நான் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவது வழக்கம்.

பத்துக்குப் பத்துக்குப் பிறகு பன்னிரண்டு தடவை யாரோ ஒருவர் ஒரு புள்ளி முந்தியிருந்தார். இவர் ஐந்து தடவை, அவன் ஏழு தடவை. சமமாக இருந்தபோதெல்லாம் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறார்கள். முந்தியதும், முந்தியவர் அடித்த அடுத்த பந்து வலையில். பன்னிரண்டு தடவையும் குறுக்குக் கோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நோட்டை மருமகள் பக்கம் சாய்த்தேன். அவள் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள். பாதியில் விரல் நின்றுவிட்டது.

“அடுத்த லீவு எப்படா?” என்றார் இவர், மட்டையைச் சட்டையில் துடைத்தபடி.

“பார்க்கலாம்ப்பா.”

மூன்று நாளில் இது எட்டாவது ‘பார்க்கலாம்’.

மகன் சர்வீஸ் போட்டான். பந்து இங்கும் அங்குமாகப் பதினெட்டு அடி போயிற்று. கடைசியில் இவருக்கு எட்டாத மூலையில் விழுந்தது. மகனுக்கு இருபத்து மூன்று.

அடுத்தது இவர் சர்வீஸ். மகன் சும்மா மட்டையை நீட்டினான். பந்து நேரே வலைக்குத்தான் போனது. ஆனால் மேல் விளிம்பில் பட்டு, ஒரு கணம் அங்கேயே நின்று, மெதுவாக இவர் பக்கம் விழுந்துவிட்டது.

இருபத்து நான்குக்கு இருபத்திரண்டு. ஆட்டம் முடிந்தது. மகன் ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இவர் மட்டையை மேசைமேல் வைக்கப் போனார், வைக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஸ்கோர் என்னம்மா?” என்றான் மகன். அந்தப் பதின்மூன்று வயதுக் குரல்.

நான் நோட்டைப் பார்த்தேன். பேனாவை மூடினேன்.

“இருபத்து மூணுக்கு இருபத்து மூணு.”

இவர் பந்தை எடுக்கக் குனிந்தார். நிமிர வெகு நேரம் ஆயிற்று.

மருமகள் எழுந்து வாசலுக்குப் போனாள். டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் என் மகனிடம். “உங்க சர்வீஸ்தான், போடுங்க.”