வெரினா சுருள்

வெரினா என்ற ஃபிலிமைக் கடைக்காரர்களே கேள்விப்பட்டதில்லை. எஸ்தருக்கு அதைவிட்டால் வேறெதுவும் பிடிக்காது. வெளிச்சத்தை அவ்வளவு நிதானமாகக் குடிக்கும். கேமராவின் லென்ஸை அரை நிமிடம் திறந்து வைத்தால் நடமாடுகிறவர்கள் எல்லாரும் மறைந்து, அசையாமல் நின்றது மட்டும் படத்தில் மிஞ்சும். அந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மஸ்கட்டுக்குக் கிளம்பிய தம்பி ஜெபராஜை ரயில் நிலைய வாசலில் நிறுத்தினாள்.

“அசையாம நில்லுடா.”

“போறதுல எனக்கொண்ணும் வருத்தமில்லக்கா. நீ எடு.”

லென்ஸைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு சுருளைக் கழுவி பிரிண்ட் போட்டாள். வாசலில் இருந்த கூட்டம் மொத்தமும் காணாமல் போயிருந்தது. அவனுடைய பெட்டி துல்லியமாக விழுந்திருந்தது. புது ஷூக்கள்கூட லேஸ் முடிச்சுவரை துல்லியம். தோள் இருக்க வேண்டிய இடத்தில், குலுங்கிக் குலுங்கிக் கலைந்த புகை.