பெயிண்டருக்கு ஒரு காவல்

"இந்த ஆளைத் திருத்தவே முடியாது போலிருக்கே" என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டார் வெல்டர்.

மணி ஆறு. கார் பட்டறையில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் மட்டும் வழக்கம்போல அவர் முன்னால் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இன்னிக்கும் ஒரு மாதிரியா இருக்கு. தனியா போனா கால் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது."

வெல்டருக்கு எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு வருஷக் குடியை விட்டு, சிகிச்சை முடிந்து அவரே வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னொரு தடவை தொட்டால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. இதில் இன்னொருத்தனை வேறு கட்டி மேய்க்க வேண்டும்.

எல்லாம் ஃபோர்மேன் செய்த வேலை. வெல்டர் திரும்பி வந்த முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, புதிதாக வந்திருக்கும் பெயிண்டருக்கும் இதே வியாதிதான், அந்தக் கஷ்டம் தெரிந்த நீதான் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலையில் கட்டிவிட்டார்.

பெயிண்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நாள் கேரம் ஆட வேண்டும் என்பார். ஒரு நாள் ஏரி வரைக்கும் நடக்க வேண்டும் என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் விடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

கேரமில் காயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குழிக்குள் தள்ளுவார். வெல்டரும் மற்றவர்களும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வெல்டருக்கு வேண்டித்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பெயிண்டர் வேலைக்கு வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. காய்ச்சலாம் என்றார் ஃபோர்மேன்.

வெல்டருக்குப் பகீரென்றது. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, குடித்த காலத்தில் அவரே சொல்லாத சாக்கா?

வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். வழியில் அவர் வழக்கமாகக் குடித்த பார் வந்ததும் போனதும்கூட அவருக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது பெயிண்டரின் மனைவி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பட்டறையில் கூட வேலை பார்ப்பவன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வெல்டர் குரலைத் தாழ்த்தினார்.

"மறைக்காம சொல்லும்மா. மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டானா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"குடியா? இருமல் மருந்தைக் குடிக்க வைக்கிறதுக்கே நான் அரை மணி நேரம் போராடணும்ணே. இப்பக்கூடப் பாருங்க, உடம்பு நெருப்பா கொதிக்குது, எழுந்து செருப்பைத் தேடிக்கிட்டு இருக்காரு. உங்க பட்டறையில யாரோ ஒரு வெல்டராம், பாவம், சாயங்காலத்துல அவரைத் தனியா விட்டுடக் கூடாதாம்."