மீதி எழுத்து

நடுப்பகல் வெயிலில், இடிந்த பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் டாங்கி மூச்சடக்கி நிற்கிறது. உள்ளே இருக்கும் இருவரில் யார் வாயிலிருந்து 'சுடு' என்று வந்தாலும் பீரங்கி முழங்கிவிடும். அதற்குக் காது உண்டு, புத்தி கிடையாது. குறி எதிரேயுள்ள பாலத்தின் மேல். எதிரியின் இரும்பு மிருகம் வரவேண்டிய அந்தப் பாலத்தில் இப்போது மூட்டைமுடிச்சுகளோடு குடும்பங்கள் ஓடிவருகின்றன. ஒரு சிறுமி அறுந்த செருப்பைக் குனிந்து எடுக்கிறாள். ஓட்டுநர் பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தந்த டீயை, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பீரங்கிக்காரி உறிஞ்சுகிறாள். நாக்கு வெந்துபோகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறாள். அவன் பதறிப்போய், "ஐயோ, என்னக்கா, சு..." என்கிறான். அவள் கை பாய்ந்து அவன் வாயைப் பொத்துகிறது. கொதிக்கும் டீ மடியில் கொட்டுகிறது, அவள் மூச்சுவிடவில்லை. பீரங்கியின் சிவப்பு விளக்கு எரிந்து, மீதி எழுத்துக்காகக் காத்திருக்கிறது.