திரை போட்ட வண்டி

“ஃபாதர் தெருமுனையில நிக்கிறாரு டீச்சர். அவரு உள்ள வரணும்னா, ஒருத்தங்க வீட்டை விட்டு வெளிய போகணுமாம்” என்றார், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஜெரால்டு. சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்தார்.

இசைவாணிக்கு உடனே புரிந்துவிட்டது. பிளஸ் டூவுக்கு வரலாறு எடுப்பவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

வருடாவருடம் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்துக்கு முன்னால் அவள் சொல்லும் கதைதான் இது.

பதினைந்தாம் லூயி போருக்குப் போன இடத்தில், மெட்ஸ் என்ற ஊரில், காய்ச்சலில் விழுந்தான். வைத்தியர்கள் கைவிரித்தார்கள். சாவதற்கு முன் கடைசி எண்ணெய் பூச வந்த பிஷப், கூட இருக்கும் ஆசைநாயகி முதலில் ஊரை விட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். திரை போட்ட வண்டியில் அவள் ஓடினாள். வழியெல்லாம் ஜனங்கள் ஏசினார்கள். பட்டத்து ராணி அவசரமாக வந்து சேர்ந்தாள்.

அவள் ஓடும் இடம் வந்தால் பையன்கள் விசிலடிப்பார்கள். இசைவாணியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

உள்ளே கட்டிலில் அவள் கணவர் அடைக்கலம் கிடந்தார். மூன்று நாளாகத் தண்ணீர்கூடத் தானாக இறங்கவில்லை. தலையைத் தன் தோளில் சாய்த்து, கரண்டியால் விட்டு, விரலால் தொண்டையை மேலிருந்து கீழே இசைவாணி நீவினால்தான் ஒரு மடக்கு இறங்கும்.

பேச்சு நிற்பதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நன்மை வாங்காம என்னைய அனுப்பிறாத வாணி.”

கோயிலில் ஃபாதர் நாக்கில் வைக்கும் அந்த மெல்லிய அப்பத்துக்கு அவர்கள் சொல்லும் பேர் நன்மை.

கட்டிலின் கால்மாட்டில், ஸ்டூலில், அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். அடைக்கலத்தின் முதல் மனைவி. கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்கு அண்ணன் வீட்டோடு போய் இருபத்தோரு வருடமாகிறது. கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இசைவாணிதான் நேற்று போன் போட்டாள். போட்டதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று இப்போது இருந்தது.

பக்குவமாகத்தான் சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஃபாதர் வந்துட்டுப் போற வரைக்கும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?”

அமலோற்பவம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உபதேசியார் நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

“அவங்க இல்ல டீச்சர்.”

இசைவாணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“கல்யாண ஓலை வாசிச்சு, கோயில்ல வச்சுக் கையப் புடிச்சது அவங்களத்தான். கோர்ட்டு தீர்ப்பு கோயிலுக்குச் செல்லாதுங்க.”

பத்தொன்பது வருடம். ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. ரேஷன் கார்டில் மனைவி. காஸ் புத்தகத்திலும் மனைவி. எடுத்துக் காட்டலாமா? யாரிடம் காட்டுவது?

அடைக்கலம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அப்பம் வாங்காமலே வருவார். ஏன் என்று பெருமாள் கோயில் தெருவில் பிறந்த இசைவாணி கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

இந்த நிமிஷம் வரைக்கும் தான்தான் ராணி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். போர்டில் எத்தனையோ முறை எழுதி அழித்த இன்னொரு சொல் தன்மேல் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. போவதா, மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வதா? உட்கார்ந்தால் அவர் கேட்டது அவருக்குக் கிடைக்காது. போனால், அவர் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருக்கமாட்டாள்.

கட்டிலைப் பார்த்தாள். கண்கள் திறந்துதான் இருந்தன. அவை யாரைப் போகச் சொல்கின்றன, யாரை இருக்கச் சொல்கின்றன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டே அவளைத் தாண்டி உள்ளே போனார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டி, அதன் கண்ணாடியை இறக்கிவிட்டாள். அப்புறம்தான் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. வீடு என்று அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

ஊர்க் கோட்டையைப் பார்க்க வந்த ஒரு வேன் வழி கேட்டு நின்றது. கையை மட்டும் காட்டினாள்.

அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க டீச்சர் என்று வகுப்பில் யாராவது ஒரு பெண் கட்டாயம் கேட்பாள். ராஜா பிழைத்துக்கொண்டான், அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான் என்பாள் இசைவாணி. பரீட்சைக்கு வராது, எழுதிக்க வேண்டாம் என்றும் சொல்வாள்.

கதவு படாரென்று திறந்தது. அமலோற்பவம் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“நன்மை குடுத்துட்டாரு டீச்சர். உள்ள எறங்க மாட்டேங்குது, தெணறுறாரு. எங்களுக்குத் தெரியல. ஃபாதரே ஒங்களக் கூட்டியாரச் சொன்னாரு!”

இசைவாணி விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலில் ஏறி அவர் தலையைத் தோளில் சாய்த்தாள். அமலோற்பவம் கரண்டித் தண்ணீரை நீட்டினாள். ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விரலால் மேலிருந்து கீழே நீவினாள். இன்னொரு முறை நீவினாள்.

இறங்கியது.

அடைக்கலத்தின் கை மெல்ல எழுந்து அவள் முகத்தைத் தேடி வந்தது. கண்ணாடியில் முட்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் அதைத் தள்ளிப் பார்த்தார். முடியவில்லை.

அமலோற்பவம் குனிந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டாள்.