ஈப்போவில் எத்தனை நாள்?

"சிங்கப்பூருக்கு ஒரு வாரம் போதும். மீதி நாளெல்லாம் ஈப்போதான்!" என்று ராஜம்மாள் சொன்னதும் அப்பாதுரை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"நல்லா இருக்குதே உன் நாயம்! வாங்க வாங்கனு டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புனவன் சிங்கப்பூர்ல இருக்கற நம்ம சின்னவன் சகாதேவன். அவனுக்கு ஒரு வாரம், சரோஜாவுக்கு மூணு வாரமா?"

தேரடி வீதியில் இருந்த அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீசில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரபாணி காத்திருந்தார். மெட்ராசில் புறப்படும் கப்பல் முதலில் மலேசியாவில் பினாங்கு துறைமுகத்தில் நிற்கும், ஈப்போ போகிறவர்கள் அங்கே இறங்கிக்கொள்ளலாம்; பிறகுதான் சிங்கப்பூர். எங்கே இறங்குவது என்று தெரிந்தால்தான் டிக்கெட் பதிய முடியும். அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த கணவன் மனைவி இரண்டு பேரும் அதைத்தான் முடிவு செய்தபாடில்லை.

"ஒரு மாசத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுனா சண்டையே இல்லீங்களே, பெரியவரே?"

"முடியாதுங்க. மல்லாட்டைச் செடி புடுங்கறதுக்குள்ள வந்துரணும். நெலத்தைத் தம்பிகிட்ட வுட்டுட்டுப் போறேன். அவன் மோட்டாரைப் போட்டா நிறுத்த மறந்துருவான்."

"அப்பச் சரி. ஆனா, ஈப்போவுல சுத்திப் பாக்க ஜாஸ்தி இல்லீங்கம்மா. சிங்கப்பூர்னா மிருகக்காட்சி சாலை, பறவைப் பூங்கா, கடலுக்கு மேல கம்பியில தொங்கிக்கினு போற வண்டி..."

"கேட்டுக்கோ!" என்றார் அப்பாதுரை.

"நான் ஊரு சுத்தவா போறேன்?" ராஜம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரோஜாவுக்குத் தலைப்பிரசவம். நாம இங்க இட்டாந்து செஞ்சிருக்கணும். இந்த நேரத்துல பயணம் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாமளாச்சும் போயி நிக்க வேணாமா?"

"அங்க அவ மாமியார் இருக்காங்களே. தங்கமான மனுஷி."

"மாமியார் ஆயிரம் செஞ்சாலும் தாய் வெக்கிற ஒரு வாய் ரசத்துக்கு ஈடாவுமா?"

அப்பாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத நீ சொல்றே!"

"ஆமா, நான்தான் சொல்றேன்."

சக்கரபாணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். தன் பொண்ணு என்றால் எல்லா மாமியாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, கப்பல்ல நெத்திலிக் கருவாடு ஏத்த வுடுவாங்களா?" என்று ராஜம்மாள் அவரிடம் திரும்பினாள். "அந்தப் புள்ளைக்கு அதுமேலயே நெனப்பா இருக்குதாம்."

"ஐயோ, கப்பலே நாறிப் போவும்மா!"

"அப்ப சுக்கும் பூண்டும் மட்டும் எடுத்துக்கறேன். கொழந்தைக்கு ஏணை கட்டப் பழம்புடவை ரெண்டு எடுத்து வெச்சிட்டேன்."

ராஜம்மாள் மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்ததும், சக்கரபாணிக்குப் பெரியவர்மேல் இரக்கம் வந்தது. "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்கம்மா. கட்டிக் குடுத்த எடத்துல போயி அத்தினி நாளு தங்குறது நல்லாவா இருக்கும்?"

"அப்பிடிக் கேளுங்க!" என்று கத்திய அப்பாதுரை, சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க ஜனங்க வருவாங்க, போவாங்க. அவங்க முன்னாடி எந்த உரிமையில நான் கூடத்துல குந்திக்கினு பேப்பர் படிக்கிறது?"

ராஜம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். "ஓ, சிங்கப்பூரும் இல்ல, மண்ணும் இல்ல. இதான் சங்கதியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தாய்யா, மலேசியாவுலேர்ந்து கார்த்திகை தீபம் பாக்க வந்த குடும்பத்தை வலிய வூட்டுக்கு இட்டாந்து சோறு போட்டது யாரு? மாப்பிள்ளத் தம்பி கையப் புடிச்சிக்கினு, எங்க சரோஜாவ நல்லா வெச்சிக் காப்பாத்துவியானு கேட்டு அழுதது யாரு? நானா? அன்னிக்கு இருந்த உரிமை இன்னிக்கு எங்க போச்சு?"

"அதுக்கில்ல ராஜம்மா..."

"போன வாரம் போன் பண்ணாளே. நான் அலோனு சொன்னதும், எடுத்த எடுப்புல இன்னா கேட்டா? 'அப்பா வர்றாருல்ல?'னுதானே?"

அப்பாதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு மேலே மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"சகாதேவன் கோச்சுக்கினான்னா?"

"அவன எங்கிட்ட வுட்டுரு. அவன் புள்ளையத் தூக்கி மடியில வெச்சிக்கினா அவன் கோவமும் போயிரும், அவன் பொண்டாட்டி கோவமும் போயிரும்."

அப்பாதுரை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுதுங்க சார். எங்களைப் பினாங்குலயே எறக்கி வுட்ரச் சொல்லுங்க."

சக்கரபாணி உற்சாகமாக எழுத ஆரம்பித்தார். "விசாவுக்கும் சேத்து எழுதிடறேன். யாரு வூட்ல தங்கப் போறீங்கனு கேப்பாங்க. சரோஜா, ஈப்போ... உங்களுக்கு மகள்தானுங்களே?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மகள்னே எழுதிக்குங்க," என்றார் அப்பாதுரை. "எங்க பெரியவன் ஆதிமூலம் செத்துப்போனப்புறம், அவன் பொண்டாட்டிய நாங்களே நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தோம்னு எழுதுனா, அந்த ஆபீஸ்காரனுக்குப் புரியவா போவுது?"